வழிவிட்டானிடம் மழை பேசக் கூடாது

அந்த வருடம் புரட்டாசி பிறந்தபோது, எந்த நாள் எந்த நேரம் மழை வரும் என்று நாற்பத்திரண்டு கிராமங்களுக்கும் தெரிந்திருந்தது. கூத்தங்கண்மாய் வழிவிட்டான் ஒருவருக்குத்தான் தெரியாது.

இத்தனைக்கும் அவர் போனிலும் கொண்டல் என்கிற மழை ஆப் இருந்தது. எல்லோருடைய போனிலும் இருந்த அதே கொண்டல்தான். காலையில் திறந்தால் மற்றவர்களுக்கு அவரவர் வயலின் படம் வரும். அதன் மேல் வெயிலோ மேகமோ நகரும். கீழே 'விதைக்கலாம்', 'பொறுக்கவும்', 'வத்தலை மூடவும்' என்று ஒரு வரி ஓடும். வழிவிட்டான் திறந்தால் வெள்ளைத் திரை. நடுவில் ஒரே வரி: 'உங்கள் வயலுக்கு இன்று தகவல் இல்லை.'

போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். தட்டிப் பார்த்தார், அணைத்து எழுப்பினார், கடைசியில் கமுதிக்குப் பஸ் ஏறிப் போய் ரிப்பேர் கடையில் கொடுத்தார். கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு. ஒங்க வயல்தான் ரிப்பேரு போல" என்றான். வழிவிட்டானுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தான் சொல்லியிருக்க வேண்டியதை இவன் முந்திக்கொண்டானே என்ற வருத்தம் மட்டும் பஸ்ஸில் திரும்பி வரும் வரை இருந்தது.

தன்னைக் கேலி செய்யும் வேலையை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஐம்பத்து மூன்று வயதில் அவரிடம் மிச்சமிருந்த கொள்கையும் அது ஒன்றுதான். கேலிக்குச் சரக்குப் பஞ்சமில்லை. அவர் மிளகாய் வத்தல் காயப்போட்டால் கோடை மழை வரும். அவர் வயலில் டிராக்டர் இறங்கினால் ஊரில் பெண்கள் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். புழுதியாகக் கிடக்கும்போது விதைத்து, மழைக்குக் காத்திருக்கிற ஊர் அது. மழை முந்திக்கொண்டால் கரிசல் மண் களியாகிவிடும். டிராக்டர் சக்கரத்தை விழுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். வருடம் தவறாமல் வழிவிட்டான் வயல் பாதி விதைத்தும் பாதி விதைக்காமலும் கிடக்க, நடுவில் டிராக்டர் புதைந்து நிற்கும்.

"நெல்லு வெதச்சவன் உண்டு, கம்பு வெதச்சவன் உண்டு. டிராக்டர வெதச்சவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்" என்று டீக்கடையில் அவரே சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பார்.

அவருக்கு முந்திய வயல் பூமயிலுடையது. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, அப்பன் விட்டுப்போன அரை ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண். டிராக்டர் அவள் வயலை முடித்து வரப்பேறும்போது முதல் தூறல் விழும். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "இந்த வருசமும் மயிரிழையில தப்பிச்சேன்ணே" என்பாள். "நான் பக்கத்துல இருக்க வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் ஆகாது தாயி, பூராத்தையும் நான் வாங்கிக்கிறேன்" என்பார் வழிவிட்டான்.

புரட்டாசி பாதியில் கொண்டல் அலுவலகத்திலிருந்து ஆக்னஸ் மேடம் ஸ்கூட்டரில் வந்தாள். அந்த நாற்பத்திரண்டு கிராமமும் அவள் பொறுப்பு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, கெட்ட செய்தி சொல்ல வந்த டாக்டர் மாதிரி அவரையே பார்த்தாள்.

"ஐயா, உங்க போன் கெட்டுப் போகல. கொண்டல்தான் உங்களுக்கு மட்டும் காட்டாம வச்சிருக்கு."

"அம்புட்டுக்கு நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

"தப்புதான் பண்றீங்க. ஒவ்வொரு தடவையும் தவறாம பண்றீங்க. அதுதான் அதுக்குப் பிடிச்சுப் போச்சு."

அவள் விளக்கினாள். கொண்டல் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கடல் சூடு, காற்று, மண் ஈரம் எல்லாம் பார்க்கும். கூடவே ஊர் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்கும். எதை எதோடு சேர்த்தால் கணக்குச் சரியாக வருகிறது என்று தானே கற்றுக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

"மூணு வருசமா நாங்க குட்டிக்கரணம் போட்டும் நூத்துக்கு எழுபத்தொரு தடவைதான் சரியா வந்துச்சு. திடீர்னு ஒரு நாள் தொண்ணூத்தி நாலு. என்னடான்னு பிரிச்சுப் பார்த்தா, நடுவுல நீங்க உக்காந்திருக்கீங்க."

"நான் வயல்ல எறங்குனா மழை வரும்னு எங்க ஊரு நாய்க்குக்கூடத் தெரியுமே. அதுக்கு எதுக்கும்மா சாட்டிலைட்டு?"

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்கய்யா. நான் பிசிக்ஸ் படிச்சவ. ஆனா நம்பர் வருது, நான் என்ன செய்ய?" அவள் உண்மையிலேயே வெட்கப்பட்டாள். "உங்களுக்கும் காட்டினா நீங்க அதைப் பார்த்து நடப்பீங்க. அப்புறம் அது உங்களப் பார்த்தா அதோட முகமேதான் தெரியும். கண்ணாடியப் பார்த்து மழை சொல்ல முடியாதுல்ல."

விஷயம் ஊருக்குள் பரவ ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. ராக்கப்பன் அம்பலம் ஊர்க்கூட்டம் போட்டார். ஊரில் இருந்த ஒரே டிராக்டர் அவருடையது. கோயிலில் முதல் விபூதியும் அவருக்குத்தான். இனி வழிவிட்டான் காதுபட யாரும் மழை பேசக் கூடாது, போனைக் காட்டக் கூடாது என்று தீர்மானம் ஆனது. அதற்கு ஈடாக, அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு இரண்டு மரக்கால் நெல் அவர் வீட்டில் போய்ச் சேரும். கொட்டுக்காரரை வரவழைத்து, வழிவிட்டானுக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊர் முகப்பில் பேனர் கட்டினார்கள்: 'நாற்பத்திரண்டு ஊர் வெள்ளாமையின் காவலர்.' போட்டோவில் அவர் கண்ணை மூடியிருந்தார். வேறு போட்டோ கிடைக்கவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கு ஆனந்தமாகத்தான் இருந்தது. பொன்னாடையை மடிக்காமல் இரண்டு நாள் தோளிலேயே போட்டுத் திரிந்தார். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும்; பத்துப் பேரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவசரமாக சினிமாவைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு மனுசனுக்காக ஒரு ஊரே வாயை மூடுவது என்றால் சும்மாவா. மந்திரிக்குக்கூட நடக்காது என்று மனைவி முத்திருளாயியிடம் பெருமையடித்தார்.

முத்திருளாயி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் குடிதண்ணீர்க் குழாயடிக்குப் போனாலும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள் என்பதை அவர் பிற்பாடுதான் தெரிந்துகொண்டார்.

இரண்டு வருடம் ஓடியது. இரண்டு வருடமும் ஐப்பசியில் அவர் வயலில் டிராக்டர் புதைந்தது. இரண்டு வருடமும் சித்திரையில் அவர் வத்தல் நனைந்து பூசணம் பிடித்தது. மற்ற யாருக்கும் ஒரு மணி நெல் வீணாகவில்லை. தை மாதம் ஊர் நெல் வந்து சேர்ந்தது. நூற்றுப் பத்து வீட்டு நெல்லும் ஒரே குதிரில் விழுந்தது.

ஒரு மத்தியானம் முத்திருளாயி சோற்றுப் பானையை அவர் முன்னால் இறக்கி வைத்தாள்.

"பாருங்க இத. ஒரு பருக்கை கொழையுது, ஒரு பருக்கை வெறைக்குது. நூத்திப்பத்து வீட்டு நெல்லு. எப்புடி ஒண்ணா வேகும்?"

"ஊரே ஒத்துமையா நம்ம பானையில கெடக்குன்னு நெனச்சுக்க."

"சிரிக்காதீங்க." அவள் குரல் உயரவில்லை. "இருபத்தெட்டு வருசமா நீங்க சிரிக்கிறீங்க, நானும் கூடச் சிரிச்சேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நம்ம வயல்ல வெளஞ்ச நெல்லு, ஒரே மாதிரி வேகுற சோறு, ஒரு வருசம். அது இல்லாட்டி வர்ற தை மாசத்தோட நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்கயும் அடுத்தவன் சோறுதான். ஆனா பொன்னாடை போத்த மாட்டாங்க."

வழிவிட்டான் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். சோற்றைத் தின்றார். வெந்ததும் வேகாததுமாகத்தான் தொண்டையில் இறங்கியது.

மூன்றாம் வருடம் ஆவணிக் கடைசியில் ஆக்னஸ் மறுபடி வந்தாள். இந்தத் தடவை டீக்கடைக்குப் போகவில்லை, நேரே அவர் வீட்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"ஐயா, எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கு. ராசியால மழை வருதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. உங்களோட பதினோரு வருசத்துத் தேதியும் எங்கிட்ட இருக்கு. ஒவ்வொண்ணாக் கேக்குறேன், சொல்லுங்க. ஆறு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசி மூணாம் தேதி வெதச்சிருக்கீங்க. ஏன் அன்னிக்கு?"

"அன்னைக்குத்தான் டிராக்டர் வந்துச்சு."

"அதுக்கு அடுத்த வருசம் பொரட்டாசி இருபத்தெட்டு?"

"அன்னைக்குத்தான் டிராக்டர் வந்துச்சு."

"அதுக்கு அடுத்து ஐப்பசி எட்டு?"

"அதேதாம்மா."

ஆக்னஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க நாள் பாக்குறதே இல்லையா?"

"நாளை நான் எங்கிட்டுப் பாக்குறது? வரிசைப்படிதான் வரும். மொதல்ல அம்பலம் வயலு. பெறகு கோயில்ல யாருக்கு மொதல்ல விபூதி, யாருக்கு அடுத்துன்னு இருக்குல்ல, அதே வரிசை. மேல வீடு, வடக்கு வீடு, பூசாரி வீடுன்னு சுத்தி வந்து, பூமயிலு வயலு முடிச்சு, கடைசியா நம்ம வயலு. எங்க அய்யா காலத்துல மாட்டு ஏரு, அப்பவும் இதே வரிசைதான்."

"வத்தல்?"

"ஊருக்கு ஒரே சிமெண்டுக் களம். காலியானாத்தான போட முடியும்? அதுவும் அதே..."

அவர் நிறுத்தினார். உள்ளே முத்திருளாயி உளுந்து புடைத்துக்கொண்டிருந்த சுளகுச் சத்தமும் நின்றது. தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

ஆக்னஸ் மெதுவாகச் சொன்னாள். "உங்க ஊர் மொத்தமும் சேர்ந்து மழைய மோப்பம் பிடிக்குது ஐயா. எறும்பு, காத்து, மூட்டுவலி, எல்லாத்தையும் பார்த்து ஆளாளுக்கு அவசரப்படுறாங்க. எந்தச் சாட்டிலைட்டுக்கும் அது தெரியாது. அந்த அவசரம் வயல் வயலா ஓடி வந்து முடியிற இடம் நீங்க. டிராக்டர் உங்க வயலுக்கு வந்தாச்சுன்னா ஊருக்கு நேரம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். மழை வந்துரும். கொண்டல் உங்க ராசியப் படிக்கல. வரிசையப் படிச்சிருக்கு."

"அப்ப எனக்கு ராசி?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்கய்யா."

வழிவிட்டான் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஐம்பத்தைந்து வருடமாகச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் துரதிர்ஷ்டம்தான். அதை வைத்துத்தான் ஊரைச் சிரிக்க வைத்தார், பொன்னாடை வாங்கினார். இப்போது அதுவும் தன்னுடையது இல்லை, ஊர் தூக்கிக் கொடுத்தது என்றால் இனி டீக்கடையில் எதைச் சொல்லிச் சிரிப்பது? இத்தனை வருடம் தன்னைத் திட்டிக்கொண்ட வாயால் ஒரு தடவைகூட வரிசையைத் திட்டவில்லையே என்று நினைத்தபோது, தன்னைப் போல ஒரு மடையன் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அதில் கொஞ்சம் பழைய ஆறுதலும் இருந்தது.

"நான் இதை ஆபீஸ்ல சொல்லணும்" என்றாள் ஆக்னஸ். "சொன்னா, வரிசைய மாத்த விடாதீங்கன்னுதான் சொல்லுவாங்க. நாற்பத்திரண்டு ஊருக்குக் கணக்கு வரணும்னா யாராவது ஒருத்தர் கடைசியில நின்னுதான் ஆகணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வழிவிட்டான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் தன் வயலையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்பலம் வீட்டுக்குப் போனார். ராக்கப்பன் அம்பலம் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

"ஏப்பா, ஒனக்கு என்ன கொறை வச்சோம்? நெல்லு வருதுல்ல? நீ முன்னால போயிட்டா நாங்க மழைய எங்க போய்க் கேக்குறது?"

"ஒரு வருசம் மட்டும் அம்பலாரே. நடுவுல எங்கயாச்சும் செருகி விடுங்க."

"வரிசை நான் போட்டதா? எங்க தாத்தன் போட்டது. நான் மாத்துனா நாளைக்குச் சாமி என்னயில்ல கேக்கும்." பிறகு தோளைத் தட்டினார். "வேணும்னா இந்த வருசம் மூணு மரக்கால் போடச் சொல்றேன்."

வழிவிட்டான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, நல்ல காப்பி என்று சொல்லிவிட்டு வந்தார். எதிர்த்துப் பேசும் பழக்கம் அவர் குடும்பத்திலேயே கிடையாது, பெயரே வழிவிட்டான்.

ஆனால் புரட்டாசி ஆறாம் தேதி விடியும்போது அவரும் முத்திருளாயியும் விதைப் பெட்டியோடு வயலில் நின்றார்கள். கோடையில் உழுது போட்ட புழுதி காய்ந்து கிடந்தது. கையால் விதைத்து, கருவேல முள்ளை வெட்டிக் கட்டி இழுத்து மூடிவிடலாம். எந்த டிராக்டரும் வேண்டாம். இது அவருக்கு எப்போதும் தெரிந்த வேலைதான். ஆனால் அம்பலம் வயலில் முதல் விதை விழாமல் அந்த ஊரில் எவனும் விதையில் கை வைத்ததில்லை. முதல் பிடியை அள்ளிவிட்டு அவர் அம்பலம் வயல் பக்கமே திரும்பிப் பார்த்ததில் பாதி விதை காலடியிலேயே கொட்டியது.

"காலுக்கு வெதைக்கிறீங்களா, காட்டுக்கு வெதைக்கிறீங்களா?" என்றாள் முத்திருளாயி.

வெயில் ஏறும்போது ஆடு ஓட்டிப்போன ஒருவர் பார்த்துவிட்டார். வழிவிட்டானைத் திட்ட ஊர் திரண்டு வரும் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். நடந்ததே வேறு.

வழிவிட்டான் விதைக்கிறான். அப்படியென்றால் மழை வரப் போகிறது.

ஊர் அலறியடித்துக்கொண்டு ஓடியது. கொண்டலும் அவர் மடியில் இருந்த போனை வைத்து அவர் வயலில் நடப்பதை மோப்பம் பிடித்து, 'நாளை கனமழை, உடனே விதைக்கவும்' என்று நாற்பத்திரண்டு ஊருக்கும் அடித்துவிட்டது. அம்பலம் தன் டிராக்டரைக் கிளப்புவதற்குள் மேல வீட்டுக்காரர் பக்கத்து ஊர் டிராக்டரைக் கொண்டுவந்து இறக்கினார். வடக்கு வீட்டில் பவர் டில்லர் வந்தது. பூசாரி இரண்டு மாட்டைப் பிடித்து வந்து, அவை உழவே பழகாதவை என்பதை வயலில் வைத்துத்தான் கண்டுபிடித்தார். விபூதி வரிசையாவது ஒன்றாவது. பூமயில் வழிவிட்டானைப் பார்த்து அவளும் ஒரு முள்ளை வெட்டி இழுத்தாள். இருட்டுவதற்குள் கூத்தங்கண்மாயில் விதைக்காத வயலே இல்லை. எல்லோரும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மழைக்குக் காத்திருந்தார்கள்.

மழை வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், கனமழை என்று நம்பிச் சூளையை அணைத்துவிட்டிருந்த பக்கத்து ஊர் செங்கல் சூளைக்காரர்கள் ஸ்கூட்டரில் வந்து பேனரைக் கிழித்துவிட்டுப் போனார்கள். வழிவிட்டான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூட்டைப் பூச்சியைக்கூட மரியாதையாகப் பார்த்தார். அதுதான் அவரைத் திட்டாத ஒரே உயிர். எறும்பும் மைனாவும் இந்நேரம் விதையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும் என்று நினைத்தார். தன் வயல் போனால் போகட்டும், அது வழக்கம்தான். இந்தத் தடவை ஊர் வயலே போய்விடுமே. பயத்தில் இரண்டு தடவை பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

பத்தாம் நாள் மத்தியானம், யாருடைய போனும் சொல்லாமல், கிழக்கிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து பெய்தது. ஒன்றரை நாள் நின்று பெய்தது. காத்திருந்த விதை பூராவும் ஒரே நேரத்தில் முளைத்தது. ஊர்க் காடு முழுக்க ஒரே உயரத்தில் பச்சையாக நின்ற பயிரில் எது அம்பலம் வயல், எது வழிவிட்டான் வயல் என்று வரப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தை பிறந்ததும் முத்திருளாயி புது நெல்லைக் குத்திச் சோறாக்கினாள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். இன்னொன்றை நசுக்கிப் பார்த்தாள். பானையின் அடியிலிருந்தும் ஒன்று எடுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உப்புப் போட மறந்துட்டேன்" என்றாள். இருவரும் உப்பில்லாமலே தின்றார்கள்.

கொண்டல் அலுவலகம் அவரைக் கைவிட்டது. ஆக்னஸ் போனில் படித்துக் காட்டினாள்: 'மேற்படி நபர் இனி நம்பத்தகுந்தவர் அல்ல.' வழிவிட்டானுக்கு அதையும் ஃபிரேம் போட்டு மாட்டலாம் போலிருந்தது. ராக்கப்பன் அம்பலம் கூட்டத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, "இவனப் பின்னால வச்சா ஊரையே ஓட விடுறான். முன்னாலயே போய்த் தொலையட்டும்" என்று சொல்லி, டிராக்டரிலும் களத்திலும் மூன்றாவது முறையை அவருக்குக் கொடுத்துவிட்டார். மற்றபடி பழைய வரிசை பழையபடி திரும்பி வந்துவிட்டது.

சித்திரையில் ஒரு காலை, மிளகாய் மூட்டையோடு களத்துக்குக் கிளம்பும்போது வழிவிட்டான் சும்மா போனைத் திறந்தார். வயலின் படம் வந்தது. மேலே மஞ்சளாய் வெயில் நகர்ந்தது. கீழே 'இன்று முதல் ஐந்து நாள் வத்தல் காயப்போடலாம்.' அவர் அதை மூன்று தடவை படித்தார். களத்தில் குண்டு மிளகாயைப் பரப்பி முடிக்கும் வரை, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் போனை நீட்டி, "எனக்கும் வந்துருச்சு பாத்தீங்களா" என்று சிறுபிள்ளைத்தனமாகக் காட்டிக்கொண்டிருந்தார். கொண்டல் மறுபடி சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது, தொண்ணூற்று மூன்று வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

களத்து ஓரத்தில் பூமயில் தன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் முறைக்கு இன்னும் நாளிருந்தது. போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது என்னான்னு பாருங்க. நாலு நாளா ஒண்ணும் வரமாட்டேங்குது. கேட்டா எல்லாரும் சினிமாக் கதை பேசுறாக."

அவர் வாங்கிப் பார்த்தார். வெள்ளைத் திரை. நடுவில் அந்த ஒரே வரி.

பூமயில் சிரித்தாள். "போன் நல்லாத்தான் இருக்காம்ணே. நான்தான் ரிப்பேரு போல."

'யாராவது ஒருத்தர் கடைசியில நின்னுதான் ஆகணும்' என்று ஆக்னஸ் அன்றைக்குச் சொல்லி, அவர் காதில் வாங்காமல் விட்ட வாக்கியம் இப்போது முழுசாக வந்து விழுந்தது. பூமயில் சொன்னது அவருடைய கேலி. அவர் சிரிக்கிற மாதிரியேதான் அவளும் சிரித்தாள். வெளியிலிருந்து பார்க்க அந்தச் சிரிப்பு இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

பேசாமல் போயிருக்கலாம். ஐந்து நாளில் வத்தல் சுக்காகக் காய்ந்துவிடும். மூன்றாவது முறை என்பது சாதாரணமா? நாற்பத்திரண்டு ஊர் கணக்கு வேறு. இவ்வளவு நியாயமும் அவர் மனதில் வரிசை தவறாமல் வந்து நின்றது. வரிசையைக் கண்டாலே அவருக்கு இப்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

குனிந்து, பரப்பியிருந்த மிளகாயைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளினார். முத்திருளாயி ஒன்றும் கேட்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்குமாற்றால் தள்ளினாள். களத்தில் பாதி காலியானது.

"மூட்டைய அவுரு தாயி. இங்கிட்டுப் போடு."

"என் மொறை வரலயேண்ணே. அம்பலாரு வைவாரு."

"என்னயத்தான் வைவாரு. எனக்குப் பழக்கம்."

பூமயிலின் மிளகாய் பாதி கொட்டியிருக்கும்போதே அவர் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். வயல் இல்லை, வெயில் இல்லை. 'உங்கள் வயலுக்கு இன்று தகவல் இல்லை.' அம்பலம் வீட்டுப் பக்கமிருந்து, "ஏப்பா, எனக்கும் ஒண்ணும் வரல, ஒன் போன்ல வருதா?" என்று யாரோ யாரையோ கேட்கும் சத்தம் வந்தது.

பூமயில் கிழக்கே பார்த்தாள். "மழை வருமாண்ணே?"

"தெரியலயே" என்றார் வழிவிட்டான்.

"வந்தா?"

"ஆறு கை இருக்குல்ல" என்றாள் முத்திருளாயி. "அள்ளிருவோம். நீ கொட்டு."